காரம் போகாத பாட்டில்கள்

பால் ஆலையின் வாசலில் செல்லக்கிளி அழுதுகொண்டு நின்றாள். வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் சண்முகசுந்தரி ஆத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தண்ணி வால்வைத் திறக்க மறந்துட்டேனாம் யக்கா. என்னை வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ."

முந்தின நாள் துறைமுகத்துக்கு எதிரே ஆன்டனி கடையில் இந்த ஆலையின் பாட்டில் பாலைக் குடித்த லாரி டிரைவர் ஒருவர், வாயும் தொண்டையும் எரிந்து, வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பாட்டில் கழுவும் இடத்தில் வேலை செய்தவள் செல்லக்கிளி. பழி அவள் தலையில் விழுந்திருந்தது.

தப்பு வால்வில் இல்லை என்று சுந்தரிக்குத் தெரியும்.

நாசரேத்திலிருந்து வந்த எஸ்றா இந்த ஆலையைத் தொடங்கிய காலத்தில் எல்லாமே கண்ணாடி பாட்டில்தான். பாக்கெட் வந்ததும் கழுவும் இயந்திரம் பின்பக்கக் கொட்டகைக்குப் போய்த் துருப்பிடித்தது. பெரியவர் காலமான பிறகு மகன் பிரைட்டன், 'அப்பா காலத்துப் பால்' என்று ஊரெல்லாம் போர்டு வைத்து பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தான். இயந்திரத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்தான். உள்ளே இருந்த குழாய்களை மாற்றவில்லை.

காலி பாட்டில்கள் காஸ்டிக் சோடா என்ற காரம் கலந்த வெந்நீரில் ஊறி, கவிழ்ந்தபடி நகரும்போது கீழிருந்து நல்ல தண்ணீர் பீச்சியடித்து அந்தக் காரத்தை அலச வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து, தண்ணீர் பீச்சும் துளைகள் அடைத்துப்போயிருந்தன. முந்தாநாள், கழுவி வந்த பாட்டிலில் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டதும் அடியெல்லாம் ரோஸ் நிறமானது. காரம் போகவில்லை என்று அர்த்தம். சுந்தரி அப்போதே ஓட்டத்தை நிறுத்தி, அதுவரை நிரப்பிய பாட்டில்களைத் தனியே வைக்கச் சொன்னாள். குழாயை மாற்றுவதாக பிரைட்டனும் தலையாட்டினான். மறுநாள் அவள் ஒரு பயிற்சிக்காகத் திருநெல்வேலி போயிருந்தபோது அந்தப் பாட்டில்கள் கடைகளுக்குப் போய்விட்டன.

சுந்தரி இப்போது நேரே பிரைட்டன் அறைக்குப் போனாள்.

"நான் நிறுத்தி வச்ச பாலை யாரு சார் அனுப்பச் சொன்னது?"

ஹோட்டல் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்றான். ஒருத்தன் வாந்தியெடுத்ததற்காக ஆலையை மூட முடியுமா என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மத்தியானம் உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வாராரு. செல்லக்கிளி வால்வைத் திறக்கலைன்னு நீ சொன்னாப் போதும். அவளுக்கு வேற எங்கனயாவது வேலை பாத்துக் குடுப்போம்."

சுந்தரி வெளியே வந்து, பாட்டில் போன கடைகளுக்கெல்லாம் விற்பனையை நிறுத்தச் சொல்லி போன் செய்தாள். ஆன்டனி கடைக்கு ஆட்டோவில் நேரிலேயே போனாள். அவர் கடைக்கு வந்தவர்கள் எதிரிலேயே அவளைத் திட்டித் தீர்த்தார். உங்களை நம்பித்தானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன் என்றார். அவர் அடங்கியதும், "மிச்ச பாட்டிலை ஆபீசர் கையிலதான் குடுக்கணும் அண்ணாச்சி. கம்பெனிக்காரங்க கேட்டா குடுக்காதீங்க" என்றாள்.

மத்தியானம் அதிகாரி வந்தார். பிரைட்டன் வால்வுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். சுந்தரி வாசலுக்குப் போய், மறித்த வாட்ச்மேனை ஒதுக்கிவிட்டு, செல்லக்கிளியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

"வால்வை முழுசாத் திற. மெஷினை ஓடவிடு."

செல்லக்கிளி திறந்தாள். சுந்தரி பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். பீச்சியடிக்க வேண்டிய தண்ணீர் பாதித் துளைகளில் எச்சில் போல வழிந்துகொண்டிருந்தது. வெளியே வந்த பாட்டில் ஒன்றில் அவள் சோதனைத் திரவத்தை விட, அதிகாரியின் கண் முன்னாலேயே அது ரோஸ் நிறமானது.

"மெஷினை நிப்பாட்டினது நான். நிப்பாட்டின பாலை அனுப்பினது இவரு. இந்தப் பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பிரைட்டன் அவளை முறைத்தான். அவளும் முகத்தைத் திருப்பவில்லை.

அன்று பாட்டில் பிரிவுக்கு சீல் வைத்தார்கள். சாயங்காலமே சுந்தரிக்கு வேலை போனது. செல்லக்கிளியை பாக்கெட் பிரிவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகச் சொன்னதே சுந்தரிதான். டிரைவர் பிழைத்து வீடு திரும்பினார். ஆனாலும் சாப்பிடும்போது இன்னும் தொண்டை எரிகிறது என்று அவர் மனைவி போனில் சுந்தரியிடம் சொன்னார்.

உணவுப் பாதுகாப்பு ஆபீஸ் விசாரணைக்கு முந்தின நாள் செல்லக்கிளி சுந்தரியின் வீட்டுக்கு வந்தாள். யாரும் தெரிந்து செய்யவில்லை, எல்லாம் தற்செயல் என்று சொன்னால் சுந்தரியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக பிரைட்டன் சொல்லியனுப்பியிருந்தான்.

"அந்தப் பாலை முதல்ல அவரு ஒரு மடக்கு குடிக்கட்டும். பொறவு பேசுவோம்னு சொல்லு."

அன்றைக்கு அந்தப் பாட்டில்களை வண்டியில் ஏற்றச் சொல்லி பிரைட்டன் நேரில் வந்து நின்றதைத் தான் பார்த்ததாகச் செல்லக்கிளி சொன்னாள்.

"நாளைக்கு நானும் வாரேன் யக்கா."

"வந்தா உன் வேலை போயிரும் ஏளா."

"போனாப் போவுது. என்னைத் திருடி மாதிரி வாசல்ல நிப்பாட்டினாம்லா."