இரண்டு ஆள் படம்

“பாவா, நீங்க மொதல்ல கைய தூக்குங்க. சொந்தக்காரரே தூக்கினா மத்தவங்க தானா தூக்குவாங்க.”

“அப்போ முனியன்?”

“வண்டிக்கு ஒரு ஆள் போதும்னு ஒத்துக்கினாதான் சம்பளம் ஏறுமாம். இந்த ஒரு ஒப்பந்தம்தான் பாவா. அடுத்ததுல கூட ஆளைத் திரும்பக் கேட்டு வாங்கிடலாம்.”

வெங்கடேசன் அப்போதுதான் பார்சல் கம்பெனியின் திருத்தணிக் கிளைக்குச் சங்கச் செயலாளர் ஆகியிருந்தான். அங்கே வண்டி ஓட்டும் குமரேசனின் மனைவி புஷ்பலதாவுக்குத் தம்பி அவன். குமரேசன் கை தூக்கினான், எல்லாரும் தூக்கினார்கள். அவன் வண்டியில் கூட வந்து பெட்டி இறக்கிய முனியனுக்கு வேலை போனது. சம்பளம் ஏறியது. அன்றைக்குப் புஷ்பலதா பாயசம் வைத்தாள். தாய் தகப்பன் இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது தம்பி ஒருவன்தான்.

அது நடந்து மூன்று ஆடி போய்விட்டது. நேற்று முன்தினம் ‘புது ஒப்பந்தம், நாளை மறுநாள் சாயந்தரம் கூட்டம்’ என்று தகவல் வந்தபோது குமரேசனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கொஞ்ச நாளாக அவனுக்கு எதுவுமே அப்படித்தான் இருந்தது.

கை மரத்துப் போக ஆரம்பித்தது ஒரு கிருத்திகையன்று. மலைக்கோயில் கூட்டத்துக்காக வண்டியை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மேலே கடைக்குப் போகவேண்டிய பித்தளை விளக்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காவடிகளுக்கு நடுவே படியேறினான். இறங்கி வந்தபோது வலது கைச் சுண்டுவிரல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் அடுத்த விரல், அதற்கடுத்த விரல்.

இன்று காலையில் அடுப்பிலிருந்த இட்லிப் பானையின் மூடியை வெறுங்கையால் எடுத்து, எங்கே வைக்கட்டும் என்று சாவகாசமாகக் கேட்டான். புஷ்பலதா திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் மூடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவன் கையைத் தண்ணீரில் அமுக்கினாள். ஏன் என்று கேட்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். கட்டி முடித்தும் கையை விடவில்லை. அவள் விரல்கள் தன் கைமேல் இருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

“நான் தம்பிகிட்ட சொல்லட்டுமா?”

“வேணாம் புஷ்பா. அவன் பேருக்கு நம்மாலேயே கொறை வரக் கூடாது.”

அந்தப் பேரைக் காப்பாற்ற அவன் ஒரு வேலை செய்துகொண்டிருந்தான். கிளைக்கு வரும் கனமான பெட்டிகள் அவன் வண்டியில்தான் போகும்; அவற்றின் மேல் கம்பெனியே ஒரு படம் ஒட்டி அனுப்பும், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவதுபோல. தனியாகப் போன புதிதில் ஒரு வீட்டுக்காரர், படத்தில் இரண்டு பேர் இருக்க வந்தது ஒருத்தர்தானா, உங்கள் சங்கம் தூங்குகிறதா என்று கேட்டுவிட்டார். மைத்துனனை ஊரில் இன்னொருவர் அப்படிக் கேட்பதற்கு வழி வைக்கக் கூடாது என்று அன்றிலிருந்து பெட்டியை இறக்குமுன் படத்தை உரித்துவிடுவான். உரித்ததைத் தெருவில் போட மனமில்லாமல் வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பான். பிறகு வழக்கப்படி வாசலில் வைத்த பெட்டியைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவான்.

மத்தியானம் கே.ஜி.கண்டிகையில் கிரைண்டர் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட முனியன் கல்லாவை விட்டு வந்து மறுபக்கத்தைப் பிடித்தான். தூக்கி வைத்த பிறகு வண்டிக் கதவைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா குமரேசா, ஊர்ல இருக்கிற ஜோடியெல்லாம் உன் கதவுலதான் குடும்பம் நடத்துது. நீ மட்டும் ஒண்டிக்கட்டையா சுத்தினுகிறே.”

குமரேசனும் சிரித்தான். முனியன் கொடுத்த டீயை இடது கையால் வாங்கிக் குடித்தான்.

சாயந்தரம் கிளையின் கொட்டகையில் எல்லா வண்டிகளும் வந்து நின்றதும் வெங்கடேசன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றான். சம்பள உயர்வு, தீபாவளி போனஸ், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் கம்பெனி சம்மதித்துவிட்டதாகச் சொன்னான். கைதட்டினார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். கூட ஆள் கேட்டுத் தானும் சண்டை போட்டதாகவும், மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிப் போட்டோக்களைக் காட்டியதாகவும் சொன்னான். திருத்தணியில் எந்த வாசலிலும் இரண்டு ஆள் படம் ஒட்டிய பெட்டி இல்லையாம்; அப்புறம் கூட ஆள் எதற்காம்.

“எங்க பாவா எடுத்த போட்டோவையும் பார்த்தேன். ஒண்ணுலகூட இல்ல. நான் இன்னான்னு பேசுவேன்? அதை விட்டுட்டு மத்ததுல கையெழுத்துப் போடலாம். சம்மதம்னா கைய தூக்குங்க.”

பழக்கம்போல அவன் முதலில் குமரேசனைத்தான் பார்த்தான். நம்பிக்கையோடு பார்த்தான். அக்கா வீட்டில் சாப்பிட உட்காரும்போது பார்க்கிற அதே பார்வை.

குமரேசன் துணி சுற்றிய கையைத் தூக்கினான். உடனே கொட்டகை முழுக்கக் கைகள் எழுந்தன. வெங்கடேசன் பேனாவைத் திறந்தான்.

“நான் சம்மதத்துக்குத் தூக்கல, வெங்கடேசு.”

ஒவ்வொரு கையாக இறங்கியது. குமரேசனின் கை மட்டும் அப்படியே நின்றது.

“படத்தையெல்லாம் நான்தான் உரிச்சேன். என் வண்டிக் கதவைத் தெறந்து பாரு, அங்கதான் இருக்குது.” குரல் யாருடையதோ போலக் கேட்டது. “என்னால ஒண்டியா முடியலடா. எனக்குக் கூட ஒரு ஆள் வேணும்.”