எதிரே வருகிறவள்

விடிந்ததிலிருந்தே கோமளத்துக்கு நெஞ்சை அடைத்தது. வாயுதான் என்று மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துப் பார்த்தாள். வலி இடது தோள் வரை இறங்கியதும் பயந்துபோய்க் கணவரை எழுப்பினாள்.

ஸ்ரீரங்கன் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். மனிதர் துடித்துப் போய்விட்டார். டாக்டருக்குப் போன் செய்தார். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொன்னாராம். சட்டையை மாட்டினார், பழைய ஈ.சி.ஜி.யைத் தேடி எடுத்தார். எல்லாம் மளமளவென்று நடந்தது. செருப்பைப் போடப் போனவர் வாசற்படியில் சட்டென்று நின்றார்.

"கோமளி, எதிர்ல யாரும் வரலையே."

அட ராமா, இன்றைக்குமா!

கல்யாணமான புதிதில் அவர் வேலைக்கு இன்டர்வியூ கிளம்பியபோது, கோயிலிலிருந்து திரும்பிய கோமளம் தற்செயலாக எதிரே வந்தாள். வேலை கிடைத்தது. பிடித்தது சனியன். அன்றிலிருந்து அவர் எங்கே கிளம்பினாலும், அவள் கொல்லைக் கதவைத் திறந்து, பின்சந்து வழியாகச் சுற்றி, தெருமுனை திரும்பி, பூவும் பொட்டுமாக எதிரே நடந்து வர வேண்டும். மழையிலும் வந்தாள். வயிற்றில் பிள்ளையோடும் வந்தாள். மந்தைவெளியில் அந்தத் தெருவுக்கே இது தெரியும்.

முட்டாளாக இருந்தால் இரண்டு வார்த்தையில் வாயை அடைத்திருக்கலாம். இவரோ மேதாவி. "நான் நம்பறேன்னு யார் சொன்னா? இத்தனை வருஷமா பலிக்கற சோதனையை எதுக்கு நிறுத்தணும்?" என்பார். பலிக்காத நாளில் அவள் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள் என்றோ, ஓரமாக ஒதுங்கிவிட்டாள் என்றோ ஒரு காரணம் கண்டுபிடிப்பார். படித்த படிப்பெல்லாம் இதற்குத்தான் உதவியது. பேசிப் பேசி அலுத்துப்போய், கோமளம் வாயை மூடிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள்.

"ஏன்னா, நேக்கு முடியலை. ஆஸ்பத்திரிக்கு என்னைத்தானே அழைச்சிண்டு போறேள்?"

"அதனாலதான்டி சொல்றேன். காலேஜுக்குப் போறதுக்கே பார்த்தேன். இன்னிக்குப் பார்க்காம என்னிக்குப் பார்க்கறது? நோக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவர் கண் கலங்கியது. நடிப்பில்லை, நிஜமான பயம். "மெதுவா வா, அவசரமில்லை. நீ வந்துட்டேன்னா அப்படியே ஆட்டோ பிடிச்சுடலாம்."

அவசரமில்லையாம்! எதிர்த்துப் பேச மூச்சு இல்லை. அதற்கு நடந்து தொலைப்பதே மேல் என்று பட்டது அவளுக்கு.

சந்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். முதுகெல்லாம் வியர்த்துக் கொட்டியது. தெருமுனை எஸ்.டி.டி. பூத் ஓரம், ஆட்டோவில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் பொன்னுரங்கம் அவளைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தான்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்பிடி வெளுத்துக் கீது? ஐயா எங்க?"

"வாசல்ல நிக்கறார். நெஞ்சு வலிக்கறதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"மொதல்ல குந்தும்மா." கையைப் பிடித்து ஏற்றினான். "ஊட்டாண்ட ஐயாவையும் ஏத்திக்கினு போயிடலாம்."

ஆட்டோ தெருவுக்குள் திரும்பியது. படியில் நின்றிருந்த ஸ்ரீரங்கன் உள்ளே அவளைக் கண்டதும் முகம் சுளித்தார். பிறகு, பாடம் புரியாத மாணவனுக்குச் சொல்வதுபோல், பொறுமையாகக் கையை ஆட்டிக் காட்டினார். இறங்கு, இறங்கி நடந்து வா.

கோமளத்துக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் ஓய்ந்து போனது போலிருந்தது.

"நிறுத்தாதேப்பா. நேரே போ."

"ஐயா நிக்கிறாரேம்மா?"

"போப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆட்டோ வீட்டைக் கடந்தது. "கோமளி! கோமளி!" என்று அவர் அலறுவது கேட்டது. பின்னாலேயே ஓடிவந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். வந்தால் நிறுத்தச் சொல்லலாம் என்றுகூட இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

ஸ்ரீரங்கன் ஒரு காலைத் தெருவில் வைத்திருந்தார். அழுதுகொண்டே இரண்டு பக்கமும் பார்த்தார். எதிரே ஒருவரும் வரவில்லை. வைத்த காலைப் படிக்கு எடுத்துக்கொண்டார்.