ஏழாம் நம்பர் படகு

“இது யாரோட ரூமுங்க?”

“நம்மோடதுதான். வேற யாரோடது?”

“அப்போ கதவுல ஏன் ஏழுன்னு போட்டிருக்கு?”

கல்யாணமாகி வந்த அன்றைக்கு கஸ்தூரி கேட்டாள். ஆதிமூலம் சிரித்துவிட்டான். “எல்லாக் கதவுலயும் அப்பா வரிசையா அடிச்சிட்டாரு. கழட்டிட்டா போச்சு” என்றான்.

கழற்றவில்லை. மூன்றாம் நாள் காலை பெங்களூர் பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்து, எங்களுக்குப் படகு ரூம்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. மஞ்சள் மாறாத தாலியோடு கஸ்தூரி டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடிக்க, ஆதிமூலம் மறுபக்கத்தைப் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு குகை ரூமுக்குப் போனார்கள். அது எழுபத்து மூன்றாம் வருஷம். இப்போது எண்பத்தைந்து.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் போனால் இடது கைப்பக்கம் சக்கரவர்த்தி லாட்ஜ். அதைக் கட்டியவர் ஆதிமூலத்தின் அப்பா சக்கரவர்த்தி. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போட்டுக்கொண்டிருந்த மனிதர். மெட்ராஸில் ஒரு பொருட்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, பாதி நிலத்தை விற்று, பத்து ரூம் கட்டினார். பத்தும் பத்து விதம். யானை ரூமுக்கு யானையின் வாய்க்குள் நுழைந்துதான் போக வேண்டும். குகை ரூமில் சுவரெல்லாம் சிமெண்ட் பாறை. தாமரை ரூமில் கட்டிலைச் சுற்றி ஆளுயர இதழ்கள். ஏழாம் நம்பரில் சிமெண்டிலேயே ஒரு படகு, அதற்குள் மெத்தை, சுவரில் நீல அலைகள், அலைக்கு மேலே வட்டமாக ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் மலை மட்டும் தெரியும்.

ஊர் வீடு மூத்த மகனுக்கு, லாட்ஜ் இளைய மகனுக்கு என்று அவர் உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்டார். லாட்ஜில் ராத்திரியும் பகலும் ஆள் இருக்க வேண்டும். ஆகவே ஆதிமூலமும் கஸ்தூரியும் அங்கேயே இருந்தார்கள். எந்த ரூம் காலியோ அதில். “பெட்டியத் தூக்கு” என்று ஆதிமூலம் சொன்னால் பார்ட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். பௌர்ணமிக்கு ஒரு தரம், கிருத்திகைக்கு ஒரு தரம். கார்த்திகை தீபத்துக்கு ரூமே கிடையாது, பத்து நாளும் கவுண்ட்டருக்குப் பின்னால் பாய். மகள் சரசு பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது யானை வாய்க்குள். தவழ்ந்தது தாமரையில். போன மாதம் பள்ளிக்கூடத்தில் வீட்டு விலாசம் எழுதச் சொன்னபோது, ‘சக்கரவர்த்தி லாட்ஜ், ரூம் நம்பர்’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். “எதுக்குடி விட்ட?” என்று கேட்டதற்கு, “மாறிடுமேம்மா” என்றாள்.

கஸ்தூரி அன்றைக்குப் போய் யானையின் தந்தத்தைத் தேய்த்துக் கழுவினாள்.

மாமனார் தவறி இரண்டு வருஷம் கழித்து, ஆதிமூலம் லாட்ஜைப் புதுப்பிக்க முடிவு செய்தான். பாவம், அவனையும் குறை சொல்ல முடியாது. வருகிறவர்கள் யானையைப் பார்த்துச் சிரித்து, போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்த லாட்ஜில் போய்ப் படுத்தார்கள். அங்கே அட்டாச்டு பாத்ரூம், மொசைக் தரை. இங்கே மழைக்காலத்தில் குகை நிஜமாகவே குகையாகிவிடும். சொட்டும்.

சேதி தெரிந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

“வேணாங்க தம்பி. புள்ளைங்க என்னமா கும்மாளம் போடுதுங்க!” என்றார் வருஷா வருஷம் வரும் சேத்துப்பட்டு வாத்தியார். ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்கார அம்மா, படகை இடித்தால் அழுதுவிடுவேன் என்று சைகையில் காட்டினாள். ஆனால் அவள் தங்கியிருந்தது வேறு இடத்தில். துணி வெளுக்கும் எல்லம்மாளுக்கு மட்டும் ஏக சந்தோஷம். “இடிங்க சாமி, நல்லா இடிங்க! அந்தத் தாமரைல பெட்ஷீட்டு மாட்டி மாட்டி என் இடுப்பு போச்சு. எதழுக்கு எதழு கிழியுது!” அபிப்பிராய நோட்டில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘யானையின் வாயில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. குழந்தைகளுக்கு வந்தது.’

கஸ்தூரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. யானையை நினைத்தால் முதுகு வலித்தது. படகை நினைத்தால் அந்த முதல் இரண்டு நாள் ஞாபகம் வந்தது. ஜன்னலைக் காட்டி, “நாம ரெண்டு பேரும் மலைய சுத்திப் படகுல போறோம்” என்று ஆதிமூலம் சொன்ன அசட்டுப் பேச்சும்.

பங்குனியில் ஒரு காலை, மேஸ்திரி இருசப்பன் வந்துவிட்டார். அடி அண்ணாமலையிலிருந்து மாமியார் வெள்ளையம்மாளும் வந்து, யானை வாய்க்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“உங்கப்பன் ஆசையா கட்டினதுடா இது.”

“ஆசை இருக்குதும்மா. ஆள் வரலியே.”

“வராத ஆளுக்கு இவ்ளோ ஏன் இடிக்கிற?”

“எந்திரிம்மா, மேஸ்திரி நிக்கறாரு.”

“நிக்கட்டும். யானையப் பார்த்துக்கினு நிக்கட்டும்.”

ஆதிமூலம் அம்மாவை விட்டுவிட்டு, சரசுவின் கிராஃப் தாளில் தானே வரைந்திருந்த பிளானைக் கவுண்ட்டர் மேல் விரித்தான். பத்து நாள் உட்கார்ந்து போட்டது. ஒவ்வொரு பெரிய ரூமையும் இரண்டாக்கி, மொத்தம் பதினாலு. ஆபீஸ், துணி ரூம், மோட்டார் ரூம், செருப்பு விட ஒரு இடம். “யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது மேஸ்திரி” என்றான்.

டீ கொண்டுவந்த கஸ்தூரி குனிந்து பார்த்தாள். ஒன்றிலிருந்து பதினாலு வரை விரலை நகர்த்திக்கொண்டே போனாள். மறுபடி முதலிலிருந்து போனாள்.

“இதுல நாம எங்கங்க படுப்போம்?”

“நாமளா?” ஆதிமூலம் பென்சிலை எடுத்தான். ஆபீஸில் வைத்தான். எடுத்தான். துணி ரூமில் வைத்தான். “எதுனா ஒண்ணு காலியா...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பத்து நாள் வரைந்த பிளானில் செருப்புக்கு இடம் இருந்தது.

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கஸ்தூரியின் முகத்தைப் பார்த்து டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

“உங்கப்பன் யானைக்கு வாய் வெச்சாரு” என்றாள் வெள்ளையம்மாள் நாற்காலியிலிருந்து. “நீ உன் பொண்டாட்டி தல சாய்க்க எடம் வெக்கலியேடா.”

“மறந்துட்டேம்மா.” நிஜமாகவே மறந்திருந்தான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. “மேஸ்திரி, நீங்க மொதல்ல ஏழுலேருந்து ஆரம்பிக்கறேன்னீங்களே...”

“ஆமாங்க. அந்தப் படகை ஒடைச்சாத்தான் குறுக்குச் சுவர் எழுப்ப முடியும்.” இருசப்பன் காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கஸ்தூரி அவருக்கு முன்னால் போனாள். ஏழாம் நம்பர் கதவைத் திறந்தாள். அந்த மாதம் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். படகின் முனையில் சரசுவின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. படகுக்குப் பக்கத்தில் அதே டிரங்குப் பெட்டி, கைப்பிடிகள் துருவேறி. ஆதிமூலம் பின்னாலேயே வந்து, பழக்கத்தில் குனிந்து தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தான். அவள் வந்து மறுபக்கத்தைப் பிடிப்பாள் என்று காத்திருந்தான்.

கஸ்தூரி பிடிக்கவில்லை. வாசல்படியிலேயே நின்றாள்.

“என்ன கஸ்தூரி?”

பன்னிரண்டு வருஷமாகத் தொண்டையில் இருந்தது அது. ஒவ்வொரு தரம் பெட்டியைத் தூக்கும்போதும் நாக்கு நுனி வரை வந்து, பார்ட்டி நிற்கிறதே என்று உள்ளே போய்விடும்.

“யானைய இடிங்க, குகைய இடிங்க, நான் ஒண்ணும் சொல்லல. அத்தைய நான் சமாதானம் பண்றேன்” என்றாள். கதவில் இருந்த தகட்டை விரலால் தொட்டாள். “இந்த ஏழ மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க. படகு அப்படியே இருக்கட்டும். பௌர்ணமி வரட்டும், தீபம் வரட்டும், யார் வந்து நின்னாலும் இது நம்ம ரூம்னு சொல்லுங்க. நம்பர் இல்லாத ரூம் ஒண்ணு எனக்கு வேணுங்க.”