பவளக்காலி நின்ற இடம்

பறவை பார்க்கப் போவது வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்வது என்பாள் அக்கா. அந்த அக்காவே இந்த வசந்தத்தில் என்னைத் துரத்தினாள்.

"அத்தானைக் கூட்டிட்டுப் போ. கண்ணு தெரியுதா இல்லையான்னு பாத்துச் சொல்லு. நான் கேட்டா என் மேலயே பாயறாரு."

அத்தான் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறார். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வரும் படகு. போன வாரம் அதைத் துறைச் சுவரில் இடித்துவிட்டார். முன்பக்கம் நின்ற ஆள் தண்ணீரில் விழாமல் தப்பியது ஏதோ அவன் நல்ல நேரம். காற்றின் மேல் பழியைப் போட்டார். கூட வேலை செய்கிறவர்கள் நம்பினார்கள், அக்கா நம்பவில்லை. நாளைக் காலை மறுபடி படகு ஏற வேண்டும்.

துறைமுகத்தின் ஓரம் போய் நின்றோம். கடல் வற்றிச் சேறு தெரிந்தது. வடக்கே திரும்பப்போகும் வாத்துகள் கூட்டமாக மிதந்தன. "ஊசிவால்," என்றார் அத்தான். சரிதான். "அந்தப் பக்கம் தட்டைவாயன்." அதுவும் சரி. அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் உறைத்தது. வருடா வருடம் அதே மூலையில் அதே வாத்துதான் மிதக்கும். கண்ணை மூடிக்கொண்டு நானும் சொல்வேன்.

எதிரே துறைச் சுவரின் அடியில் ஒரு பவளக்காலி, சிவந்த கால் கொண்ட கரைப்பறவை, சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கண்டுபிடித்தவர் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியைப் பறவை மேல் நிறுத்திவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். மற்றவர் கை படாமல் குனிந்து பார்க்க வேண்டும். நிறுத்தினேன். "பவளக்காலி, அத்தான்," என்று பெயரையும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "கால் என்னமா சிவந்திருக்கு. இப்பக் கொத்துது பாரு."

அப்போதுதான் கவனித்தேன். திருகாணியை நான் இறுக்கவில்லை. குழாய் பின்னால் சாய்ந்து மூக்கை மேலே தூக்கியிருந்தது. அவரை நகரச் சொல்லிவிட்டுக் கண்ணை வைத்தேன். பறவையே இல்லை. சுவரில் பதித்த துருப்பிடித்த ஏணி மட்டும் தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"அத்தான், அது ஏணி."

"எது?"

"நீங்க இவ்வளவு நேரம் பாத்தது."

"ஏணிக்குப் பக்கத்துலதான் நின்னுச்சு," என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு.

அக்காவின் போன் வந்தது. என் கையிலிருந்து அவரே வாங்கினார். "எல்லாம் தெளிவாத் தெரியுது. நம்பலன்னா உன் தங்கச்சியையே கேளு," என்று சொல்லி என்னிடம் நீட்டினார். இந்த மனிதர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. இப்போது வாய் திறக்காமல் கெஞ்சினார்.

"ஏணிக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியல அக்கா. நாளைக்குப் படகுல ஏற விடாத."

நான் முக்காலியை மடித்தேன். திரும்பும் வழியெல்லாம் பாசி பிடித்த கற்கள். கொஞ்ச தூரம் அத்தான் வீறாப்பாகத் தனியே நடந்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். பிறகு பின்னாலிருந்து அவர் கை தடவித் தடவி என் தோளைப் பிடித்துக்கொண்டது. மெதுவாக நடந்தேன்.