அப்பப்பாவின் கல்லறை

அன்று மெல்போர்னில் எங்கள் கிளேட்டன் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மகள் யோகா, அவளைத் தம் மகனுக்குக் கேட்டு வந்திருந்த இரத்தினசிங்கம், அவர் மனைவி சந்திரவதனா, என் தம்பி நித்தியானந்தன். வேறு யாரும் இல்லை. 1977ஆம் ஆண்டு, ஜூன் மாதத்து ஞாயிறு பிற்பகல்.

சாதகம் பொருந்தியிருந்தது. சந்திரவதனா எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். தலைமுறை தலைமுறையாகச் சைவம் என்றேன். அப்பாவின் தகப்பனைப் பற்றி, "அப்பப்பாவின்ர சாம்பலைக் கீரிமலைக் கடலிலதான் கரைச்சது" என்றும் சொன்னேன். தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அவன் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் விரிவுரையாளன். இரத்தினசிங்கம் மரியாதைக்கு அவன் வேலையைப் பற்றிக் கேட்டார். அவன் காரிலிருந்து ஸ்லைட் புரொஜெக்டரைக் கொண்டுவந்து, திரைச்சீலையை இழுத்து மூடினான். சுவரில் ஒரு புதைகுழி தெரிந்தது. ஜெர்மனியில் தோண்டியதாம். பழங்கால ஐரோப்பியரான கெல்ட் இனத் தலைவன் ஒருவனை நான்கு சக்கர வண்டியில் கிடத்தி, பக்கத்தில் வெண்கல அண்டாவையும் வைத்துப் புதைத்திருந்தார்கள்.

"இதுக்கு முந்தி அந்தப் பக்கத்தில பிணத்தை எரிச்சுச் சாம்பலைத்தான் தாழியில வைச்சவை," என்றான். "பிறகு புதைக்கத் தொடங்கிட்டினம். உடன பழைய அறிஞர்கள், வேறை சனம் வந்து குடியேறிட்டுது எண்டு எழுதிப்போட்டினம்."

"வராமல் எப்பிடித் தம்பி வழக்கம் மாறும்?" என்றார் இரத்தினசிங்கம். "நாங்களும் வந்தபடியால்தானே கங்காரு நாட்டில புட்டு அவியுது!"

எல்லாரும் சிரித்தோம்.

"ஒருத்தரும் வரத் தேவையில்லை, அண்ணை. எங்கட அப்பப்பாவையே பாருங்கோ. மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் வேலைக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவர். சேர்ச் வளவிலதான் குழி வெட்டித் தாட்டது, கையில வேதப்புத்தகத்தோட. ஆயிரம் வருசம் கழிச்சுக் கிண்டுறவன், யாழ்ப்பாணத்துக்குப் புதுச் சனம் வந்தது எண்டுதானே சொல்லுவான்?"

ஊரில் அதை அறிந்தவர்கள் எப்போதோ இறந்துவிட்டார்கள். இந்த நாட்டில் அறிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். வெளியே விடுவதில்லை என்று அம்மாவின் கட்டிலருகில் நின்று இருவரும் சத்தியம் செய்திருந்தோம்.

"அப்ப கீரிமலை?" என்று சந்திரவதனா என்னைக் கேட்டார்.

தம்பிதான் பதில் சொன்னான்: "அக்கா பயத்தில சொன்னவ. இதில என்ன வெட்கம்?"

நான் யோகாவைப் பார்த்தேன். "மாமா பொய் சொல்லேல்லையே, அம்மா," என்றாள் அவள்.

புதன்கிழமை இரத்தினசிங்கம் தொலைபேசியில் பேசினார். சாதகத்தில் செவ்வாய் குறுக்கே நிற்கிறதாம். மூன்று வாரத்துக்கு முன் சாதகம் பொருத்திப் பார்த்தபோது அந்தச் செவ்வாய் எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை.

தம்பியை ஐந்து வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவன் என் வாசற்படி ஏறவில்லை. நான் ஏறவிடவில்லை.

அன்று நித்தியானந்தன் குடித்துவிட்டு உளறினான் என்று மெல்போர்னில் ஒரு கதை உலவுகிறது. என்மேல் இரக்கப்பட்டவர்கள் யாரோ கட்டியது. அது பொய். எங்கள் குடும்பத்தில் குடிப்பவர்கள் இல்லை. அன்று அவன் குடித்தது, நான் ஊற்றிக்கொடுத்த தேநீர்.