முதல் பாகத்தில் செத்தவன்

செஞ்சிக் கோட்டைக்குச் சினிமாக்காரர்கள் மறுபடியும் வந்து இறங்கினார்கள். வெள்ளைக்காரனின் பழைய சாகச நாவல் ஒன்றைத் தழுவி எடுத்த கத்திச் சண்டைப் படம் சக்கைப்போடு போட்டதாம். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா, இரண்டாம் பாகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

சிங்கவரம் பச்சமுத்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்குவதை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். முதல் பாகத்தில் கதாநாயகனிடம் வெட்டுப்பட்டு மதிலிலிருந்து விழுந்த சிப்பாய் அவன்தான். படத்தில் முதுகு மட்டும்தான் வந்தது. இந்த முறையாவது திரையில் முகம் தெரியவேண்டும். வேறு ஆசையே அவனுக்கு இல்லை.

ஆள் பொறுக்கிய உதவி டைரக்டர், முன்னே நடித்திருக்கிறாயா என்று கேட்டார். பச்சமுத்து வாய் திறப்பதற்குள் ஊரே முந்திக்கொண்டது: போன படத்தில் செத்தானே, அவன்தான் இவன். ஒருவனைக் கெடுக்க எதிரி எதற்கு, பெருமை பேசும் ஊர் போதாதா? செத்தவன் இரண்டாம் பாகத்தில் எப்படி வருவான் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

பச்சமுத்துவுக்கு இது விளங்கவே இல்லை. அவன் வருஷா வருஷம் அம்மன் கோயில் கூத்தில் கெட்ட ராஜா வேஷம் கட்டிப் படுகளத்தில் சாகிறவன்.

"அடுத்த வருசமும் நான்தான் சார் ஆடறேன். செத்தவன் இன்னாத்துக்கு வந்தேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

சிரிப்புச் சத்தம் கேட்டு டைரக்டரே வந்தார். நல்ல மனுஷர். அது எவன் முதுகு என்று யாருக்குத் தெரியும், இவனைத் தளபதிக்குப் பக்கத்தில் முகம் தெரிய நிறுத்துங்கள் என்றார். யார் கேட்டாலும் போன படத்தில் வந்தது நான் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

பச்சமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. தலையாட்டப் போனவன், கூட்டத்தில் நின்ற மனைவி லட்சுமியம்மாளைப் பார்த்துவிட்டான். விழுகிற சிப்பாய்களில் தான் யார் என்று அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை. ஆனால் டூரிங் கொட்டகையில் அந்த முதுகு சரிந்ததுமே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனையும் மறந்து, மாரில் அடித்துக்கொண்டு அலறியவள் அவள்.

ஆட்டப் போன தலையை நிமிர்த்திக்கொண்டான்.

"அது நான்தான் சார்," என்றான் பச்சமுத்து. "செத்துட்டேன்."