கதவில் நான்கு குழிகள்

வெயில் இப்படி எமனாக வந்து நிற்கும் என்று ரோலன்ட் நினைக்கவில்லை. போன வாரம் முழுக்க மழை. காய்வதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமையா கிடைத்தது?

பப்பின் பின்புறப் புல்வெளியில் முப்பது பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன. நண்பர் டெனிஸின் பச்சை ஸ்ப்ரைட் காரை ரோலன்ட்தான் ஓட்டி வந்தார். வாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன டெனிஸ், ஒரு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து இன்றுதான் வெளியே வந்திருக்கிறார். ஒரே உரிமையாளரிடம் அதிகக் காலம் இருந்த காருக்குப் பழைய கார்ச் சங்கம் தரும் கேடயம் இந்த முறை அவருக்கு. ஐம்பத்து மூன்று வருடம்.

காரின் கூடு, அதாவது தரையும் உடம்பும், ஐந்து மாதத்துக்கு முன்புதான் வந்தது. அது ரோலன்டுக்கு மட்டுமே தெரியும்.

சரிசெய்து தருகிறேன் என்று வாங்கிப்போன காரின் அடித்தளம் துருப்பிடித்து அப்பளமாக நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷனிடம் அதை எந்த வாயால் சொல்வது? ஸ்ப்ரைட்டும் மிட்ஜெட்டும் பெயர் மட்டும் வேறான இரட்டைப் பிள்ளைக் கார்கள்தானே. ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே உட்காரும். ஒரு மிட்ஜெட் கூட்டைக் கதவுகளோடு வாங்கி, டெனிஸின் எஞ்சின், இருக்கைகள், நம்பர் பலகை எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டார். ஒரே வம்பு, மிட்ஜெட்டின் பக்கவாட்டில் வெள்ளி நிறப் பட்டை மாட்டுகிற துளைகள்; ஸ்ப்ரைட்டில் அவை கிடையாது. பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தார்.

இப்போது வெயிலில் பட்டி உள்வாங்கிவிட்டது. கதவில் மட்டும் நான்கு குழிகள், மிளகளவில், வரிசையாக.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம்: ஆளுக்கு வணக்கம் சொல்லும் முன் காரைத் தடவுவார்கள். சங்கத் தலைவி பெரிலின் விரல்கள் கதவில் ஓடி, ஓர் இடத்தில் நின்றன. ரோலன்டை ஏறிட்டுப் பார்த்தாள். நேராக மைக்கை நோக்கிப் போனாள். கண்டுபிடித்துவிட்டாள். ஓடிப்போகவும் வழியில்லை, ஓட்டி வந்ததே அந்தக் கார்தான்.

திரும்பிப் பார்த்தால், டெனிஸின் மனைவி மொரீன் சக்கர நாற்காலியைக் கதவோரம் நிறுத்திவிட்டுத் தேநீர் வாங்கப் போயிருந்தாள். டெனிஸின் வலது கை கதவில் இருந்தது. நாற்பது வருடம் கார்களின் ஒடுக்கெடுக்கும் டிங்கர் வேலை பார்த்த கை.

"எங்கடா என் வண்டி?"

"அடித்தளம் கையோட வந்துடுச்சு, டெனிஸ். கூட்டக் கதவோட காயலான் கடைக்குப் போட்டுட்டேன். மத்ததெல்லாம் உன்னோடதுதான்."

திட்டட்டும், அடிக்கட்டும், இத்தோடு தொலைந்தது என்று ரோலன்டுக்கு மூச்சு வந்தது. பெரிலிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுவதாகத் திரும்பினார். டெனிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"வாயத் திறக்காத. கல்யாணத்தன்னிக்கு இந்தக் கார்லதான் மொரீனக் கூட்டிட்டு வந்தேன். காலைல இந்தக் கதவுல முகத்த வச்சு அழுதா. இப்ப போய் அவகிட்டச் சொல்ல உனக்கு வாய் வருமா? எனக்கு வராது."

மைக்கில் டெனிஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டலுக்கு நடுவே பெரில் கேடயத்தோடு வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் அதை டெனிஸின் மடியில் வைத்தாள். அவர் கை நீட்டி வாங்கவில்லை. குழிகள் தெரியாதபடி முழங்கை வரை கையைக் கதவின் மேல் கிடத்தியிருந்தார்.

மொரீன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு ரோலன்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்கு அப்புறம் இந்தக் கார் உங்களுக்குத்தான், ரோலன்ட். முடிவு பண்ணிட்டோம். ஒரே ஒரு சத்தியம் பண்ணுங்க. இதுல ஒரு திருகாணியக்கூட மாத்தக் கூடாது."

ரோலன்ட் டெனிஸைப் பார்த்தார். டெனிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்த மாட்டேன்," என்றார் ரோலன்ட்.

மொரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை முத்தமிடக் குனிந்தாள். டெனிஸ் கையை எடுக்கவில்லை. அவள் அந்தக் கையின் மேலேயே முத்தமிட்டாள்.